ரெண்டு சின்னப் பசங்களோட ஒரு முழு லீவு: போன எடம், வாங்கின சாமான், எது தேறுச்சு எது தேறல

லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்து மூணு நாள் ஆச்சு, இப்பதான் உக்காந்து எழுத முடியுது. எனக்கு ரெண்டு பசங்க. பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு மூணு முடிஞ்சு நாலு மாசம். லீவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நைட்டு நைட்டா முழிச்சு ஒவ்வொரு எடத்தோட ரிவ்யூவும் படிச்சேன், எல்லாத்துலயும் பசங்க செமயா என்ஜாய் பண்ணாங்க, அஞ்சு ஸ்டார், அவ்ளோதான் இருந்துச்சு. எனக்கு தெரிய வேண்டியது அது இல்லயே. ஒரு ஆளு எத்தன புள்ளைங்கள பாத்துக்கறாங்க, நடுவுல அழுதா என்ன பண்ணுவாங்க, பாத்ரூம் வருதுன்னா எவ்ளோ தூரம் தூக்கிட்டு ஓடணும், முக்கியமா போதும்மான்னு புள்ள சொன்னா அந்த நிமிஷமே கெளம்ப முடியுமா. இத யாருமே எழுதல. அதனால நானே எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எந்த எடத்தோட பேரும் போடல, ஆனா நடந்தது எல்லாத்தையும் அப்படியே சொல்றேன்.

முதல்ல இன்டோர் ப்ளே ஏரியா. சறுக்கு மரம், வலை, பந்து நெறஞ்ச பால் பூல் எல்லாம் மெத்து மெத்துன்னு வெச்சிருப்பாங்களே அது. ரெண்டு மணி நேர ஸ்லாட், கையில பேப்பர் பேண்ட் கட்டி விடுவாங்க, வெளிய வந்தா பேண்ட கட் பண்ணிடுவாங்க, திரும்ப உள்ள போக முடியாது. எங்களுக்கு அங்கதான் சிக்கல். முத அம்பது நிமிஷம் ரெண்டு பேரும் சந்தோஷமா ஆடினாங்க, அப்புறம் சின்னவ காதப் பொத்திகிட்டு மூலைல போய் நின்னுட்டா. பாட்டு ஒரு பக்கம், அம்பது புள்ளைங்க கத்தறது ஒரு பக்கம், மேல தகர ஷீட்டு கூரை வேற, பெரியவங்களுக்கே தல வலிக்கற சத்தம். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணுகிட்ட போய் பாட்டு சத்தத்த கொஞ்சம் கொறைங்கம்மான்னேன், உடனே கொறச்சா, அத மறக்காம சொல்லணும். அதோட நிக்கல, சின்னவ பக்கத்துல வந்து தரையில உக்காந்து, நாம ரெண்டு பேரும் இந்த பந்த எண்ணலாமான்னு கேட்டா. அந்தப் பொண்ணுக்காகவே ரெண்டாவது தடவ போனேன், அதுவும் வார நாள்ல காலைல முத ஸ்லாட்டுக்கு, கூட்டமே இல்ல, அன்னிக்கு நல்லா இருந்துச்சு.

ஆனா அதுக்கப்புறம் அஞ்சாவது நாள் சின்னவளுக்கு காய்ச்சல், வாய்க்குள்ள புண்ணு, உள்ளங்கைல உள்ளங்கால்ல சிவப்பு சிவப்பா புள்ளி. டாக்டர் பாத்த உடனே கை கால் வாய் நோய்னு சொல்லிட்டார். அது அங்கதான் வந்துச்சுன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், கிருமி உள்ள போய் 3லேர்ந்து 6 நாள் கழிச்சுதான் வெளிய காட்டும்னாரு, நடுவுல லைப்ரரிக்கும் போயிருந்தோம். அதுக்குன்னு தனி மருந்து கெடையாது, காய்ச்சலுக்கு மருந்து, குடிக்க குளிர்ச்சியா ஏதாவது, ஒரு வாரம் பத்து நாள்ல தானா போயிடும். அவர் சொன்னதுல எனக்கு புதுசா இருந்தது ஒண்ணு: இந்த வைரஸுக்கு மேல கொழுப்பு ஓடு கெடையாது, அதனால கைல தடவற சானிடைசர் அதுகிட்ட அவ்வளவா வேல செய்யாது, சோப்பும் தண்ணியும்தான் சரி. அந்த எடத்துல வாசல்ல பெரிய சானிடைசர் பாட்டில் இருந்துச்சு, கை கழுவற குழாய் மாடிக்கு போற வழில, சோப்பு தீந்து போய். பால் பூல் பந்த எப்ப கழுவறீங்கன்னு கேட்டேன், ரெகுலரா பண்றோம் மேடம்னாங்க, எந்த கெழமன்னு கேட்டா பதில் வரல. உங்க ஊர்ல இந்த மாதிரி எடத்துக்கு போறீங்கன்னா இந்த ஒரு கேள்விய கண்டிப்பா கேளுங்க, கழுவற எடத்துல டக்குனு கெழமய சொல்லிடுவாங்க.

அடுத்தது ஸ்விம்மிங் க்ளாஸ். இந்த லீவுல நான் செஞ்ச உருப்படியான காரியம்னா இதத்தான் சொல்லுவேன். நாலு புள்ளைங்களுக்கு ஒரு கோச், நாலு வயசுக்கு கீழன்னா கூட ஒரு பெரியவங்க தண்ணில எறங்கணும், க்ளாஸ் அர மணி நேரம்தான். அர மணி நேரம்தானான்னு முத நாள் எனக்கே தோணுச்சு, ஆனா இருவது நிமிஷத்துலயே சின்னவளுக்கு உதடு நீலமாக ஆரம்பிச்சுது. சின்ன உடம்புல எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு ஜாஸ்தி, அதனால சூடு சீக்கிரம் எறங்கிடும், அவங்க அத தெரிஞ்சுதான் நேரம் வெச்சிருக்காங்க.

முத ரெண்டு நாள் சின்னவ தண்ணிலயே எறங்கல. படியில உக்காந்து ஒரு சின்ன மக்கால தன் கால் மேல, அப்புறம் தோள் மேல, அப்புறம் தல மேல தண்ணி ஊத்திகிட்டே இருந்தா, அவ்ளோதான் க்ளாஸு. எனக்கு உள்ளுக்குள்ள பரபரன்னு இருந்துச்சு, மத்த புள்ளைங்க எல்லாம் கால் அடிக்குதே, நம்ம புள்ள மட்டும் இப்படியேன்னு. கோச் அக்கா கிட்ட வந்து, அவளா மூஞ்சிய தண்ணில வெக்கற வரைக்கும் யாரும் அவ தலைய அமுக்கக் கூடாது, நீங்களும் கூடாதுன்னாங்க. மூணாவது நாள் அவளே குனிஞ்சு மூஞ்சிய தண்ணில வெச்சு குமிழி விட்டா. நிமிந்து என்ன பாத்த பார்வ இருக்கே, அத எழுத எனக்கு வரல.

கைல மாட்டற காத்து அடிச்ச ஃப்ளோட்ட நான் ஆசையா வாங்கிட்டு போயிருந்தேன், அத முத நாளே கழட்டி வெச்சுடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஏன்னா அது புள்ளைய தண்ணில நிக்க வெச்ச மாதிரி நேரா வெக்கும், நீச்சலுக்கு உடம்பு படுக்கணும், அதோட தனக்கு மெதக்க தெரியும்னு புள்ள நெனச்சுக்கும், ஒரு நாள் ஃப்ளோட்டு இல்லாமயே குதிச்சிடும். அன்னிக்கு பெத்தவங்க எல்லாரையும் கரையில உக்கார வெச்சு பத்து நிமிஷம் பேசினாங்க. தண்ணில முழுகற புள்ள கத்தாது. கத்தணும்னா மூச்சு வேணும், வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்த ஒரு செகண்டு மூச்சு இழுக்கவே சரியா போயிடும். கை ஆட்டி கூப்பிடாது, ரெண்டு கையும் பக்கவாட்டுல தண்ணிய கீழ அமுக்கிட்டு இருக்கும், பாக்கறவங்களுக்கு வெளையாடற மாதிரிதான் தெரியும். ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல தண்ணில முழுகி சாகறது 1லேர்ந்து 4 வயசுக்குள்ளதான் ரொம்ப ஜாஸ்தி. அதனால கை நீட்டினா தொடற தூரத்துலயே இருங்க, செல்லு பைக்குள்ள இருக்கட்டும்னாங்க. நான் இத்தன வருஷம் கத்தினா கேக்கும்னு நெனச்சு குளத்தங்கரைல பத்தடி தள்ளி உக்காந்திருக்கேன், அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

கடைசி க்ளாஸ்ல டிரஸ்ஸோட தண்ணில விழுந்து, திரும்பி, செவுத்த புடிக்கறத பெரியவனுக்கு சொல்லிக் குடுத்தாங்க. நிஜத்துல விழற புள்ள ஸ்விம் சூட் போட்டுகிட்டா விழுது. நனஞ்ச சட்ட எவ்ளோ கனம்னு அவனுக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

இன்னொண்ணு. எறங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் நல்லா குளிச்சே ஆகணும்னு அங்க கண்டிஷன். முன்ன வேற ஒரு குளத்துக்கு போனப்ப கண்ணு எரியற அளவுக்கு வாடை அடிக்கும், நான் அத மருந்து நல்லா போட்டிருக்காங்க, சுத்தமா இருக்குன்னு நெனச்சேன். கோச் சொன்னது நேர் எதிர். நம்ம வேர்வ, சிறுநீர் எல்லாம் குளோரினோட சேந்து குளோரமின்னு ஒண்ணு உருவாகுது, மூக்குல ஏர்ற வாடையும் கண்ணு எரிச்சலும் அதாலதான். வாடை தூக்கலா அடிச்சா அந்த தண்ணில அழுக்கு ஜாஸ்தின்னு அர்த்தம். குறைன்னா டிரஸ் மாத்தற ரூம்தான். ஒரே ஒரு பெஞ்சு, ஈரத் தரை, வழுக்குது, நடுங்கற புள்ளைய கைல வெச்சுகிட்டு பைக்குள்ள டவல் தேட முடியல. டவல கரையிலயே தயாரா வெச்சுக்கோங்க. பாதில கெளம்பினா யாரும் மூஞ்சிய சுளிக்கறதில்ல, ஒரு நாள் பத்து நிமிஷத்துல கெளம்பினோம், சரி நாளைக்கு பாக்கலாம் தங்கம்னு அனுப்பி வெச்சாங்க.

இப்ப ஹாலிடே கேம்ப். எழுதும்போதே எனக்கு கோவம் வருது. பெரியவனுக்கு மட்டும் ஒரு வாரம் போட்டேன், காலைல ஒம்பதுலேர்ந்து ஒண்ணு வரைக்கும். ஷெட்யூல் பாக்க அழகா இருந்துச்சு, நாப்பது நிமிஷத்துக்கு ஒண்ணு, டான்ஸ், க்ராஃப்ட், யோகா, கத, சயின்ஸ். முத நாள் கைல ஒரு பேப்பர் ஆந்தையோட வந்தான், கடைல வாங்கின மாதிரி அவ்ளோ நேர்த்தி. இதுல நீ என்னடா பண்ணேன்னு கேட்டேன். கண்ணு மட்டும் ஒட்டினேம்மா, கோணலா இருக்குன்னு மிஸ் பிச்சு எடுத்துட்டு திரும்ப ஒட்டினாங்கன்னான். ஆறு வயசு புள்ளயோட கோணல் கண்ண பிச்சு எடுத்து நேரா ஒட்டி வீட்டுக்கு அனுப்பினா அது யாருக்காக? பெத்தவங்க ஃபோட்டோ எடுத்து போடறதுக்குத்தான? எனக்கு அந்த கோணல் கண்ணுதான் வேணும்.

மூணாவது நாள் டவுசர் நனஞ்சு வந்தான். பாத்ரூம் ப்ரேக்ல மட்டும்தான் போகணுமாம், இவன் கேட்டிருக்கான், இன்னும் அஞ்சு நிமிஷம் வெய்ட் பண்ணுன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. நேரா போய் கேட்டேன், இருவத்தி நாலு புள்ளைங்களுக்கு ரெண்டே ரெண்டு பேர், ஒருத்தர் பாத்ரூம் கூட்டிட்டு போனா மீதி எல்லாரையும் ஒருத்தர் பாக்கணும், அதான் விடல. அந்தப் பொண்ணுங்கள எப்படி திட்டறது, அவங்களுக்கே இருவது வயசு இருக்கும், மூச்சு விட நேரமில்ல. பொறுப்புல இருந்தவங்ககிட்ட பேசினா, எல்லா கொழந்தைங்களும் ரெண்டு நாள்ல அட்ஜஸ்ட் ஆயிடுவாங்க மேடம்னாங்க. பாத்ரூம் போறத எதுக்கு அட்ஜஸ்ட் பண்ணணும்? அன்னியோட நிறுத்திட்டேன், மீதி நாளுக்கு கட்டின பணம் வரல, ஃபார்ம்ல சின்ன எழுத்துல போட்டிருக்காங்க, நான் படிக்காம கையெழுத்து போட்டது என் தப்புதான். நீங்க படிங்க, அதோட ஒரு ஆளுக்கு எத்தன புள்ளன்னு வாய்ல கேக்காதீங்க, கேம்ப் நடக்கறப்ப நேர்ல போய் நின்னு தலைய எண்ணுங்க.

நல்லதையும் சொல்லிடறேன். கூட்டிட்டு போக வர்றவங்க விஷயத்துல ரொம்ப கறாரா இருந்தாங்க, ஒரு நாள் என் தம்பி போனப்ப எனக்கு ஃபோன் போட்டு முன்னாடியே பேசி வெச்ச வார்த்தைய கேட்டுட்டுதான் புள்ளைய விட்டாங்க. தம்பிக்கு கொஞ்சம் வருத்தம், எனக்கு நிம்மதி. அப்புறம் ரெண்டாவது நாள் களிமண் சொல்லிக் குடுக்க ஒரு வயசானவர் வந்திருக்கார். ஆளுக்கு ஒரு உருண்டைய குடுத்துட்டு, அவரும் ஒரு உருண்டைய எடுத்துகிட்டு அவர் பாட்டுக்கு செஞ்சுகிட்டு இருந்தாராம், யாரோடதையும் தொடலயாம். அன்னிக்கு இவன் கொண்டு வந்தது ஒரு உருண்ட, நடுவுல ஒரு ஓட்ட. எறும்பு வீடாம், மழ வந்தா எந்தப் பக்கம் ஓடணும்னு பாதையெல்லாம் எனக்கு கால் மணி நேரம் சொன்னான். ஜன்னல்ல வெச்சிருக்கோம். ஆந்த எங்க போச்சுன்னு அவனும் கேக்கல, எனக்கும் தெரியாது.

வீட்டுக்கு வர்ற க்ராஃப்ட் பாக்ஸ் ஒண்ணு மாசாமாசம் வர்ற மாதிரி போட்டிருந்தேன், மழ நாளுக்கு ஆகும்னு. மேல மூணு வயசு முதல்னு அச்சடிச்சிருக்கு. உள்ள பாத்தா தண்ணில ஊறி பெருசாகற கலர் மணி ஒரு பாக்கெட், அப்புறம் ஒரு குட்டி லைட்டு, அதுக்குள்ள பட்டன் பேட்டரி, மூடிய நகத்தால நெம்பினா தொறந்துக்குது. எனக்கு கை நடுங்கிடுச்சு. அந்த மணி முழுங்கினா வயித்துக்குள்ள போய் ஊறி கொடல அடைச்சிடும், எக்ஸ்ரேல கூட சட்டுனு தெரியாது. பட்டன் பேட்டரி தொண்டைல சிக்கினா ரெண்டு மணி நேரத்துல உணவுக் குழாய அரிச்சிடும், எச்சில் பட்ட உடனே கரண்டு ஓடி அந்த எடத்துல அரிக்கற காரம் உண்டாகுது, அதான் காரணம். பேட்டரி போடற பொம்மைல மூடிக்கு ஸ்க்ரூ இருக்கணும், ஸ்க்ரூ இல்லாதது எங்க வீட்டுக்குள்ள இனிமே வராது. கம்பெனிக்கு ஃபோட்டோவோட எழுதினேன், சாரின்னு ஒரு வரியும் அடுத்த பாக்ஸுக்கு தள்ளுபடி கூப்பனும் வந்துச்சு. பாக்ஸுல இருக்கறத மாத்தறோம்னு ஒரு வார்த்த வந்திருந்தா இன்னொரு தடவ யோசிச்சிருப்பேன். நிறுத்திட்டேன்.

மூணு வயசுக்கு கீழ புள்ள இருக்கற வீட்டுல ஒரு சுலபமான சோதன உண்டு, டாய்லெட் பேப்பர் சுத்தி வர்ற அந்த அட்டக் குழாய்க்குள்ள முழுசா நொழையற எதுவும் புள்ள கைக்கு போகக் கூடாது. மூணு தாண்டினாலும் எதையும் வாய்ல வெக்கற புள்ளைன்னா இதயே பாருங்க, எங்க சின்னவ அந்த ரகம். அந்த க்ராஃப்ட் பாக்ஸுக்கு பதிலா அந்த மாசம் டூப்ளோ ஒரு பெட்டி வாங்கினேன், சின்னப் புள்ளைங்களுக்குன்னு வர்ற பெரிய பிளாஸ்டிக் கட்ட அது. அண்ணங்காரன்கிட்ட லெகோ இருக்கு, ரெண்டும் தனித்தனின்னு நெனச்சிட்டு இருந்தேன், ஆனா டூப்ளோ லெகோவ விட நீளம் அகலம் உயரம் எல்லாத்துலயும் சரியா ரெண்டு மடங்கு, அதனால ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்குது. 1969லேர்ந்து அப்படித்தானாம். லெகோ கட்ட 1958ல வந்த அளவே இன்னிக்கும், அத்தன வருஷத்துக்கு முந்தின கட்டையும் இன்னிக்கு வாங்கறதோட சேருமாம். கீழ இவ பெரிய கட்டைல அஸ்திவாரம் போட, மேல அவன் சின்ன கட்டைல வீடு கட்ட, ரெண்டு பேரும் சண்ட போடாம முக்கா மணி நேரம். ஆனா சின்ன கட்ட வெளிய இருக்கற வரைக்கும் நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், முடிஞ்ச உடனே எண்ணி டப்பால போட்டு மேல வெச்சிடுவேன்.

ட்ராம்போலின் பார்க், அதான் ஸ்பிரிங் மாட்டின துணி மேல குதிக்கற எடம், அத பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. ஒரு கட்டத்துல ஒருத்தர்தான்னு போர்டு பெருசா இருந்துச்சு, பாத்துக்க யாரும் இல்ல, பத்து பன்னெண்டு வயசு பசங்க மூணு பேர் ஒரே கட்டத்துல குதிக்க, நடுவுல போன எவளோ ஒரு குட்டிப் பொண்ணு எகிறி விழுந்துது. பத்து நிமிஷத்துல கூட்டிட்டு வந்துட்டேன். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012ல வீட்டு ட்ராம்போலின் பத்தி சொன்னதுல, அடிபடறதுல முக்காவாசி ஒண்ணுக்கு மேல பேர் சேந்து குதிக்கறப்ப நடக்குது, அதுல அதிகமா அடி வாங்கறது இருக்கறதுலயே எட கொறஞ்ச புள்ள, வீட்டுல ட்ராம்போலினே வேண்டாம்னு இருக்கு. பார்க்குலயும் அதே துணி அதே ஸ்பிரிங்தான. எங்களுக்கு சின்னவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் அந்தப் பக்கமே வேண்டாம்னு முடிவு.

பிளானட்டோரியம் பெரியவனுக்கு உயிர், சின்னவளுக்கு ஆகல. லைட்ட அணச்ச உடனே அழ ஆரம்பிச்சா, கதவ ஷோ முடியற வரைக்கும் தொறக்க மாட்டோம்னாங்க, இருட்டுக்கு பழகின எல்லாரோட கண்ணும் கூசிடுமேன்னு அவங்க சொல்றதும் நியாயம்தான், ஆனா டிக்கெட் எடுக்கறப்பவே சொல்லியிருக்கலாம். முப்பத்தஞ்சு நிமிஷம் அவ மூஞ்சிய என் தோள்ல பொதச்சு வெச்சுகிட்டேன். மேல வானம் சுத்தறப்ப எனக்கே லேசா தல சுத்துச்சு, கண்ணு நகர்றோம்னு சொல்லுது காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் இல்லங்குது, அந்தக் கொழப்பம்தான். பெரியவன் மட்டும் வாயத் தொறந்தது தொறந்தபடி இருந்தான். இந்த மாதிரி வானத்த கூரைல காட்டற மெஷின முதல்ல ஜெர்மனில, மியூனிக்ல 1923ல காட்டினாங்கன்னு அங்க பேசினவர் சொன்னத வீட்டுக்கு வந்து தாத்தாகிட்ட ஃபோன்ல மூணு தடவ சொன்னான். அஞ்சு வயசுக்கு மேலன்னா தாராளமா போங்க, ஒரு புள்ளைய மட்டும் கூட்டிட்டு.

மிருகக்காட்சி சாலைக்கு ரெண்டு தடவ. மத்தியானம் போனப்ப சிங்கம் படுத்தது எந்திரிக்கவே இல்ல, அது ஒரு நாளைக்கு இருவது மணி நேரம் கூட படுத்தே கெடக்குமாம், பெரியவனுக்கு ஏமாத்தம். காலைல தொறந்த உடனே போனப்ப வேற எடம் மாதிரி இருந்துச்சு, எல்லாம் நடமாடுது, வெயிலும் இல்ல. ஒட்டகச்சிவிங்கிக்கு தீனி போட்டவர் மண்டி போட்டு புள்ளைங்க உயரத்துக்கு வந்து பேசினார், அதோட நாக்கு கருநீலமா, கிட்டத்தட்ட அர மீட்டர் நீளம், கண்ணு முன்னாடி அத பாத்துட்டு சின்னவ தன் நாக்க நீட்டி விரலால அளந்து பாத்தா. அன்னிக்கு அவ ரொம்ப நேரம் பாத்தது என்னன்னு கேட்டீங்கன்னா பெஞ்சுக்கு கீழ போன எறும்பு வரிச. இருவத்தஞ்சு நிமிஷம். யானைய பாக்க வாடின்னு முத தடவ கைய புடிச்சு இழுத்தேன், அழுதா, விட்டுட்டேன். வருஷ பாஸ் எடுத்தா நல்லதுன்னு சொல்ல காரணமும் அதுதான், இன்னிக்கே எல்லாத்தையும் பாத்துடணும்ங்கற அவசரம் நமக்கு இருக்காது, எறும்போட நின்னாலும் சரின்னு நிக்கலாம்.

லைப்ரரி கத நேரம். இதுக்கு நான் நிறைய நன்றி சொல்லணும். வாரத்துல ஒரு நாள், அர மணி நேரம். கத சொல்றவங்க படிச்சுகிட்டே போக மாட்டாங்க, பக்கத்துக்கு பக்கம் நிறுத்தி, இவன் ஏன் அழறான், அந்த கதவுக்கு பின்னாடி யாரா இருக்கும்னு கேட்டு, புள்ள எதச் சொன்னாலும் அத புடிச்சு ஒரு வரி சேத்து சொல்லுவாங்க. இப்படி கேள்வி கேட்டு கேட்டு படிச்சா புள்ளைக்கு பேச்சு நல்லா வளருதுன்னு 1988லயே வைட்ஹர்ஸ்ட்னு ஒரு உளவியலாளர் ஆராய்ச்சி பண்ணி காட்டியிருக்காரு, இப்ப நானும் வீட்டுல அப்படித்தான் படிக்கறேன்.

ஆனா சின்னவ மூணு வாரம் ஒரு தூணுக்கு பின்னாடிதான் நின்னா. எல்லாம் வட்டமா உக்காந்து கை தட்டுதுங்க, இவ எட்டிப் பாக்கறா, அவ்ளோதான். எனக்கு பயமாவே ஆயிடுச்சு, ஏதாவது பிரச்சனையோ, டாக்டர்கிட்ட கேக்கணுமோன்னு. ரெண்டாவது வாரம் தூக்கிட்டு போய் நடுவுல உக்கார வெச்சேன், ஓன்னு அழுதா. கத சொல்றவங்க அப்புறமா என்ன தனியா கூப்பிட்டு, அவ பாக்கறாம்மா, பாக்கறதும் வெளையாட்டுதான், விடுங்கன்னாங்க. பின்னாடி படிச்சப்பதான் தெரிஞ்சுது, மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒருத்தங்க சின்னப் புள்ளைங்க வெளையாடறத உக்காந்து கவனிச்சு 1932ல எழுதியிருக்காங்க, தள்ளி நின்னு வேடிக்க பாக்கறத ஒரு தனி வகையா அவங்க சேத்திருக்காங்க, பக்கத்துல உக்காந்து ஆனா தனித்தனியா ஆடறது, சேந்து ஆடறதெல்லாம் அதுக்கப்புறம் வருது. மூணாவது வாரம் நான் தூணு பக்கம் போகவே இல்ல. அன்னிக்கு சாயங்காலம் வீட்டுல பொம்மைங்கள எல்லாம் வட்டமா உக்கார வெச்சு, புக்க நெஞ்சுக்கு நேரா புடிச்சு, அவங்க கொரல்லயே அந்த மூணு கதையும் சொன்னா. ஒரு கேள்வி விடாம கேட்டா. நான் கிச்சன்லேர்ந்து கேட்டுகிட்டு நின்னேன், அடுப்ப அணைக்க கூட மறந்துட்டேன். நாலாவது வாரம் போய் வட்டத்துல உக்காந்தாளான்னா இல்ல, தூணுக்கு முன்னாடி உக்காந்தா.

கடைசியா ஒண்ணு, இத முதல்லயே கண்டுபிடிச்சிருந்தா பாதி எடத்துக்கு போயிருக்கவே மாட்டோம். ஒரு திறந்தவெளி, அதுல பலகை, பழைய டயர், கயிறு, துணி, பெரிய பெரிய அட்டப்பெட்டி, மணல், ஒரு பீப்பா தண்ணி. சறுக்கு மரம் ஊஞ்சல் ஒண்ணும் கெடையாது. முத தடவ பாத்தப்ப என் வீட்டுக்காரர், இதுக்கு எதுக்கு வந்தோம்னு மெதுவா கேட்டார். பாத்துக்க நாலு பேர் இருக்காங்க, அவங்க எதுவும் சொல்லித் தர மாட்டாங்க, கயிறு முடிச்சு வேணும்னு புள்ள கேட்டா மட்டும் வந்து காட்டுவாங்க. இந்த யோசன ரொம்ப பழசு. டென்மார்க்ல சோரன்சன்னு ஒரு பூங்கா வடிவமைப்பாளர், தான் அழகா கட்டின பார்க்க விட பழைய சாமான் கெடக்கற எடத்துலதான் புள்ளைங்க அதிகம் ஆடுதுன்னு கவனிச்சிருக்காரு. யுத்தம் நடந்துகிட்டு இருந்த 1943ல கோபன்ஹேகன் பக்கத்துல எம்ட்ருப்ல முதல் பழைய சாமான் மைதானம் தொறந்தாங்க, அப்புறம் பல நாட்டுக்கு பரவிடுச்சு. நகத்தி மாத்தி கலைக்க முடியற சாமான் எவ்ளோ இருக்கோ அவ்ளோ கற்பன வரும்னு 1971ல சைமன் நிக்கல்சன்னு ஒரு கலைஞர் எழுதினதும் இதப் பத்திதான்.

அங்க பெரியவன் முத நாள் பத்து நிமிஷம் சும்மா நின்னான், என்ன பண்ணணும்னு கேட்டான், கேம்ப் பழக்கம். ஒருத்தரும் சொல்லல. அப்புறம் ஒரு பலகைய டயர் மேல வெச்சான், வழுக்கி விழுந்தது, திரும்ப வெச்சான், இன்னொரு பையன் வந்து மறு முனைய புடிச்சான், பேர் கூட கேட்டுக்கல, ஒரு மணி நேரத்துல ரெண்டு பேரும் பீப்பாவுலேர்ந்து மணல் வரைக்கும் தண்ணி ஓட கால்வா போட்டுட்டாங்க. சின்னவ ஒரு பெட்டிக்குள்ள போய் மூடிகிட்டா, இது என் வீடு யாரும் வரக்கூடாதுன்னா, யாரும் போகல. ஆறு தடவ போயிட்டோம். மொத்தமா ஒரு முட்டி செராய்ப்பு, ஒரு சிலாம்பு. பலகைல ஆணி நீட்டிட்டு இருக்கான்னு தினமும் காலைல தொறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா தடவிப் பாக்கறாங்க, ஒரு நாள் சீக்கிரமா போனதால நானே பாத்தேன். நிழல் இல்லாததுதான் பெரிய கொற, தொப்பி போட்டு, சன் ஸ்க்ரீன ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்ப தடவணும், தண்ணில ஆடினா இன்னும் சீக்கிரம். உக்கார எடமும் கம்மி, வயசானவங்கள கூட்டிட்டு போனா ஒரு மடக்கு சேர் எடுத்துட்டு போங்க.

நேரம் பத்தியும் சொல்லிடறேன், எங்க வீட்டுல எந்த எடமா இருந்தாலும் பதினோரு மணிக்குள்ள முடிஞ்சா நல்ல நாள், தாண்டினா அழுக. மூணு நாலு வயசுக்கு மதியத் தூக்கமும் சேத்து 10லேர்ந்து 13 மணி நேரம் தூக்கம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு, லீவுதானன்னு ராத்திரி லேட்டாக்கி, மத்தியானம் எங்கயாவது கூட்டிட்டு போய், அந்த தூக்கத்த நாங்கதான் திருடினோம். அது புரிய எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு. அதுக்கு முன்னாடி போன எடத்துக்கெல்லாம் நான் குடுத்த மார்க்க கொஞ்சம் தளத்தி எடுத்துக்கோங்க, அதுல பாதி கோவம் தூக்கக் கலக்கத்தோடது.

அடுத்த லீவுக்கு ஸ்விம்மிங்க்கு ரெண்டு பேருக்கும் பேர் குடுத்தாச்சு. லைப்ரரிக்கு இப்பவும் வாரா வாரம் போறோம். திறந்தவெளில கெளம்பற அன்னிக்கு சின்னவ அவ வீட்ட விட்டு வர மாட்டேன்னு அழுததால பெட்டிய எடுத்துட்டே போங்கன்னு குடுத்துட்டாங்க, ஹால்லதான் இருக்கு, மழைல நனஞ்ச ஒரு மூல மட்டும் பிஞ்சு போச்சு, டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கோம்.